குருநகர் வீட்டில் கொப்பியாகாத படங்கள்

மருதனார்மடம் சந்தியில் நான் கடைசியாக வேலை செய்த கடை இப்போது வேறு ஆட்களின் கையில் இருக்கிறது. அங்கே கைபேசிக்குக் கண்ணாடி மாற்றும் இளைஞர்கள் அண்மையில் என்னைக் கூப்பிட்டு ஒரு சந்தேகம் கேட்டார்கள். யாரோ கொண்டுவந்த வீட்டுக் கணினி ஒன்றில் வைரஸை எடுத்துவிட்டார்களாம். அதன் பிறகு அதிலிருந்து எதையும் பென் ட்ரைவுக்குக் கொப்பி செய்ய முடியவில்லையாம்.

"அண்ணை, உதுக்கு லேசான வழி ஒண்டு சொல்லுங்கோவன். இல்லாட்டி அடிச்சுப் புதுசாப் போட்டுவிடப் போறம்."

அடித்துப் போடுவது என்றால் டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் அழித்து, விண்டோஸைத் திரும்ப ஏற்றுவது.

"உள்ளுக்கை என்ன இருக்கு எண்டு கேட்டனீங்களோ?"

"கேக்கேல்லை. என்ன இருக்கப் போகுது? சனம் எல்லாத்தையும் இப்ப ஃபோனிலை தானே வைச்சிருக்குது."

வழியைச் சொல்லிக் கொடுத்தேன். மற்றதை எழுதித் தருகிறேன் என்றேன். "அண்ணை எழுதப் போறாராம்!" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் எழுதத் தெரியும்.

படிப்பு நின்றது போர்க்கால இடப்பெயர்வில். அதன் பிறகு ஓரிடத்தில் நிலையாக இருந்தது கிடையாது. வவுனியாவில் ரேடியோ திருத்தினேன். கொழும்பில் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பிரித்துச் சாமான் விற்றேன். வளைகுடா நாடான கட்டாரில் சுவருக்குள் வயர் இழுத்தேன். அங்கே கம்பனி எறிந்துவிட்ட கணினி ஒன்றைக் கழற்றிப் பூட்டிக் கழற்றிப் பூட்டித்தான் இந்தத் தொழிலைப் பழகினேன். விசா முடிந்து ஊருக்கு வந்தபோது, போரில் மூடிக்கிடந்த பாதை திறந்திருந்தது. வீட்டுக்கு வீடு வெளிநாட்டுச் சொந்தக்காரர் கணினி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். திருத்த ஆள் தேவைப்பட்டது. மருதனார்மடத்தில் தவம் அண்ணையின் கடையில் சேர்ந்தேன்.

கடைக்குள் என்னால் இருக்க முடியாது என்பதை அவர் முதல் கிழமையிலேயே கண்டுகொண்டார். "ஐசே, உமக்குக் கால் ஓரிடத்திலை நிக்காது. நீர் வீடுகளுக்குப் போம்" என்று ஒரு பழைய மோட்டார் சைக்கிளைத் தந்தார். அதில் நல்லூர் முதல் வல்வெட்டித்துறை வரை ஓடினேன். கடைக்கு வரும் பெட்டிகளை அவர் பார்ப்பார். வீடுகளில் மக்கர் பண்ணுவதை நான் பார்ப்பேன்.

தவம் அண்ணை முன்பு எங்கோ அரசாங்கக் கந்தோரில் இருந்தவர். கடையிலும் அந்தத் தோரணைதான். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனை. கையைக் கழுவித் துடைக்காமல் விசைப்பலகையைத் தொடமாட்டார். குரலை உயர்த்தமாட்டார். பிழை விட்டால் திட்டவும் மாட்டார். "ஓ, அப்பிடியோ" என்பார். அந்த "அப்பிடியோ"வுக்குப் பயந்து நான் கவனமாக வேலை செய்த நாள்கள் பல.

அவருடைய முறையை எழுதுகிறேன். கடைப் பிள்ளைகள் கேட்டதற்குப் பதிலும் இதுதான்.

வாடிக்கையாளர் பெட்டியை மேசையில் வைத்ததும் அவர் அதைத் தொடமாட்டார். முதலில் ஆளை இருத்தி, "உள்ளுக்கை இருக்கிறதிலை எது போனால் அழுவியள்?" என்று கேட்பார். அவர்கள் சொல்வதை மட்டும் முதலில் கடையின் டிஸ்க்குக்கு எடுத்து வைப்பார். எல்லாவற்றையும் எடுத்து வைக்கக் கடையில் இடம் கிடையாது. அதன் பிறகுதான் வைரஸில் கை வைப்பார்.

அந்தக் காலத்தில் இங்கே சுற்றிய வைரஸ், எக்ஸி என்ற வால் உள்ள கோப்புகளுக்குள் புகுந்துகொள்ளும் வகை. ஒரு நிகழ்ச்சியை ஓட்டும் கோப்புக்குப் பெயரின் கடைசியில் எக்ஸி என்று வரும். விளையாட்டுகள் எல்லாம் அப்படித்தான். ஒன்றில் ஏறினால் எல்லாவற்றிலும் ஏறும். கழுவிப் பார்த்து மினக்கெடுவதில்லை. ஆட்களின் சொந்தக் கோப்புகளுக்கு நடுவே கிடக்கும் எக்ஸி எல்லாவற்றையும் தேடி ஒரேயடியாக அழிப்போம். விளையாட்டுத்தானே, திரும்பப் போட்டுக்கொள்ளலாம். இதில் நாங்கள் இரக்கம் பார்த்ததில்லை.

வைரஸ் போன பிறகு கொப்பியாகாததற்குக் காரணம் பெரும்பாலும் வைரஸ் விட்டுப்போன குப்பைதான். அது ஃபோல்டர்களை மறைத்து வைத்திருக்கும். வைரஸ் போனாலும் மறைப்புப் போகாது. பெட்டி வெறுமையாகத் தெரியும், ஆனால் டிஸ்க் நிறைந்திருக்கும். மறைப்பை ஒரு கட்டளையால் எடுக்கவேண்டும். இரண்டாவது, உரிமை. முன்பு இருந்த கணக்கின் பெயரில் கோப்புகள் பூட்டிக் கிடக்கும். "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று வரும். உரிமையை இப்போதைய கணக்குக்கு மாற்றினால் திறக்கும். மூன்றாவதற்கும் வைரஸுக்கும் சம்பந்தமே இல்லை. கலியாண வீட்டு வீடியோ பெரிய ஒற்றைக் கோப்பாக இருக்கும். பழைய முறையில் தயார்செய்த பென் ட்ரைவ் அவ்வளவு பெரிய கோப்பை ஏற்காது. சனம் அதையும் வைரஸ் என்று சொல்லும். கொப்பி முடிந்ததும் இரண்டு பக்கத்து அளவையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். வெட்டி ஒட்டக்கூடாது, கொப்பிதான் எடுக்கவேண்டும்.

கடைசியாக ஒரு வேலை இருந்தது. அது கடையின் பழக்கம், எங்கள் பக்கத்துக் கடைகள் எல்லாவற்றின் பழக்கமும்கூட. திருத்தி முடிந்த கணினியை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. கலியாண வீட்டுக்குப் போனவரை வெற்றிலை கொடுத்து அனுப்புவதுபோல, உள்ளே கொஞ்சம் படமும் பாட்டும் இலவசமாக ஏற்றிக் கொடுப்போம். ஆளைப் பார்த்துத் தெரிவு செய்வோம். வயதானவர் என்றால் பழைய பாட்டு, பிள்ளைகள் உள்ள வீடு என்றால் கார்ட்டூன். சனம் அதற்காகவே எங்களிடம் திரும்பி வந்தது.

பிலோமினா அக்கா கணினியை ஓட்டோவில் கொண்டுவந்த அன்று நான் வல்வெட்டித்துறையில் நின்றேன். அவர் குருநகரில் கடற்கரைக்குக் கிட்ட இருப்பவர். கணவர் கடற்தொழில். ஒரே மகன் அன்ரன் ஐரோப்பாவில் அகதி முகாம் ஒன்றில் இருந்தான். தவம் அண்ணை வழமையான கேள்வியைக் கேட்டார். "பிள்ளையின்ரை படங்கள் கொஞ்சம் கிடக்கு. வேறை ஒண்டுமில்லை" என்று அக்கா சொன்னார். படங்கள் என்ற ஃபோல்டரைத் தவம் அண்ணை எடுத்து வைத்தார். வைரஸை எடுத்தார். கிறிஸ்தவ வீடு என்று பார்த்து மாதா பாட்டுகளை நிறைய ஏற்றிக் கொடுத்தார்.

சில நாள் கழித்து அக்கா கடைக்கு ஃபோன் எடுத்தார். பென் ட்ரைவுக்குப் படம் போகுதில்லை, மகன் அவசரமாகக் கேட்கிறான் என்றார். நான் போனேன்.

காலை நேரம். அக்கா மீனை வெட்டிக்கொண்டிருந்தவர், கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். நான் மேலே எழுதிய மூன்று கோளாறும் அந்தப் பெட்டியில் இருந்தன. மறைப்பை எடுத்தேன். உரிமையை மாற்றினேன். அன்ரனின் தமக்கையின் கலியாண வீடியோவைத் துண்டுகளாகப் பிரித்து ஏற்றினேன்.

"அக்கா, எல்லாம் வந்திட்டுது. ரெண்டு பக்கமும் ஒரே அளவு. பாருங்கோ."

அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய படம், கலியாண வீடு, பாதிரியார் வள்ளத்தை மந்திரிக்கும்போது எடுத்த படங்கள். எல்லாவற்றையும் கடைசிவரை பார்த்தார்.

"உது இல்லைத் தம்பி."

"அப்ப எது?"

எழும்பிப்போய் ஒழுங்கைப் பக்கத்து யன்னலைச் சாத்தினார். நல்ல வெக்கை. திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்.

"அன்ரனின்ரை முதுகு."

அன்ரனைப் பிடித்துக்கொண்டு போய்ச் சில நாள் வைத்திருந்து விட்டிருக்கிறார்கள். யார் பிடித்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்ற முடியாமல் காயத்தோடு ஒட்டியிருந்ததாம். தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத்தான் எடுத்தார்களாம். தமக்கை அவனுடைய ஃபோனிலேயே படம் எடுத்திருக்கிறாள். வழியில் மறித்து ஃபோனைப் பார்ப்பார்கள் என்று பயந்து, கணினியில் ஏற்றிவிட்டு ஃபோனில் இருந்ததை அழித்துவிட்டார்கள். இணையத்தில் வைக்கவும் பயம். பிறகு அவன் முகவர் ஒருவர் மூலம் நாட்டைவிட்டு வெளிக்கிட்டுவிட்டான். முகாமில் இவன் சொல்வதற்கு ஆதாரம் இல்லை என்று அகதி விண்ணப்பத்தை முதல் விசாரணையிலேயே தள்ளிவிட்டார்கள். மேல்முறையீட்டுக்குத் தேதி வைத்திருந்தார்கள். வழக்கறிஞர் அந்தப் படங்களைக் கேட்டிருக்கிறார். எடுத்த நாளும் நேரமும் உள்ளே பதிந்திருக்கிற மூலப் படங்கள்.

"எந்த ஃபோல்டரிலை அக்கா?"

"விளையாட்டு எண்டதுக்கை. ஆரும் வந்து பாத்தாலும் விளங்காதபடி அவன் ஏதோ பேரின்ரை வாலை மாத்தி வைச்சவன். விளையாட்டு மாதிரித் தெரியும், திறந்தாலும் திறக்காது எண்டவன்."

எனக்கு விளங்கிவிட்டது. படத்தின் வாலை எடுத்துவிட்டு எக்ஸி என்று வைத்திருக்கிறான். வீட்டுக்குள் வந்து தேடுகிறவனை ஏமாற்ற அது நல்ல வழிதான். எங்களையும் ஏமாற்றிவிட்டது. விளையாட்டு என்ற ஃபோல்டரைத் திறந்தேன். ஒன்றும் இல்லை.

"கடையிலை கேக்கேக்கை ஏன் அக்கா சொல்லேல்லை?"

"எப்பிடித் தம்பி சொல்லுறது? கடையிலை நாலு சனம் நிண்டது."

நானாக இருந்தாலும் "வேறை ஒண்டுமில்லை" என்றுதான் சொல்லியிருப்பேன். எது போனால் அழுவோமோ அதை வெளியில் சொல்லக்கூடாது என்று பழகித்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம். தவம் அண்ணையின் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் இந்த ஊரில் அதற்கு உண்மையான பதில் கிடைக்காது.

முற்றத்துக்கு வந்து கடைக்கு ஃபோன் எடுத்தேன்.

"அண்ணை, குருநகர்ப் பெட்டியிலை விளையாட்டு எண்டொரு ஃபோல்டர்..."

"ஓம், அதிலை கிடந்த எக்ஸி எல்லாம் அழிச்சனான். ஏன்?"

"அது விளையாட்டில்லை அண்ணை. படங்கள். வாலை மாத்தி ஒளிச்சு வைச்சவங்கள்."

மறுபக்கத்தில் அவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பும் சத்தம் கேட்டது.

"பாட்டு ஏத்தினது அழிச்சதுக்குப் பிறகோ?" என்று கேட்டேன்.

"பிறகுதான்" என்றார். பிறகு, "பிளக்கைக் கழட்டும். ஒண்டையும் தொடாமல் டிஸ்க்கைக் கொண்டுவாரும்" என்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான்.

தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கணினியில் ஒரு கோப்பை அழித்தால் அது உடனே இல்லாமல் போவதில்லை. இருந்த இடம் காலி என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அந்த இடத்தில் வேறொன்று வந்து குந்தும்வரை பழையதைத் தோண்டி எடுக்கலாம். வந்து குந்தியவை எங்கள் மாதா பாட்டுகள். கேட்காமல் கொடுத்த பாட்டுகள்.

டிஸ்க்கைக் கடைக் கணினியில் இரண்டாவதாகப் பூட்டித் தோண்டினோம். தவம் அண்ணை தானே இருந்து செய்தார். தேத்தண்ணி வந்து ஆறியது. ஒரு மென்பொருள் சரிவராமல் போனதும் இன்னொன்றைப் போட்டார். பெயரில்லாத கோப்புகள் வந்தன. வாலை மாற்றித் திறந்தால் திறக்கவில்லை. ஒன்றே ஒன்று திறந்தது.

ஒருவன் கமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அவன்தான் என்று தெரியவேண்டும் என்பதற்காக முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பியிருக்கிறான். கத்தரித்த மயிர், ஒரு காது, பிடரி, தோள் தொடங்கும் இடம். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. சாம்பல் நிறம். படம் மேலிருந்து கீழாகத்தான் எழுதப்படும். மேல் துண்டு தப்பிவிட்டது. மற்றதன் மேல் பாட்டு இருந்தது.

மற்ற மென்பொருள்களும் அதே இடத்தில்தான் நின்றன.

அடுத்த நாள் அக்கா கடைக்கு வந்தார். தவம் அண்ணை அவரை இருத்தினார்.

"ஹார்ட் டிஸ்க் பழசு அக்கா. பழுதாப் போச்சு. எங்களாலை ஏலுமானதை எடுத்திருக்கிறம்."

டிஸ்க் நல்ல டிஸ்க். அவரிடம் படித்த எனக்கு அது தெரியும். "டிஸ்க் பழுதில்லை அக்கா. வைரஸ் எண்டு நினைச்சு நாங்கள்தான் அழிச்சனாங்கள்" என்றேன்.

"ஓ, அப்பிடியோ" என்றார் தவம் அண்ணை, என்னைப் பார்த்து.

அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. திரையில் கிடந்த அந்த அரைகுறைப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை அனுப்பினால் காணுமோ தம்பி?"

கைபேசியில் வைபர் வழியாக அனுப்பினால் நாளும் நேரமும் உதிர்ந்துவிடும் என்பதால் மின்னஞ்சலில் மூலத்தை அப்படியே அனுப்பினேன். பதில் அன்ரன் மூலம் வந்தது. படத்தில் ஓர் ஆளின் கழுத்துத் தெரிகிறது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டாராம். ஆனால் மற்றப் படங்கள் எப்படி அழிந்தன என்று அந்தக் கடை தன் பெயர் போட்ட தாளில், பதிவு இலக்கத்தோடு ஒரு கடிதம் தந்தால் அதை வைத்து வாதாடிப் பார்க்கலாமாம்.

அக்கா இதைச் சொல்லத் தானே கடைக்கு வந்தார். வரும்போது ஒரு பை நண்டும் கொண்டுவந்தார்.

"கடிதமோ?" என்றார் தவம் அண்ணை. "என்ரை பேரிலை, கடையின்ரை பேரிலையோ? அக்கா, நாளைக்கு ஆர் வந்து என்ன கேப்பினம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? எனக்கும் பொம்பிளைப் பிள்ளையள் இருக்கினம்."

"பிழையா ஒண்டும் எழுதச் சொல்லேல்லைத் தம்பி. நடந்ததைத்தானே..."

"நடந்ததை எழுதினால்தான் கரைச்சல்."

நண்டுப் பையை அவர் வாங்கவில்லை. அக்காவும் திருப்பி எடுக்கவில்லை. மத்தியானம் வரை அது மேசைக்குக் கீழே அசைந்துகொண்டிருந்தது.

"அண்ணை, நீங்கள் கையெழுத்து வைக்காட்டி நான் வைக்கிறன்" என்றேன்.

"நீர் வையும். உமக்கு என்ன, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாளைக்கே வேறை ஊருக்குப் போயிடுவீர்."

நான் எழுதினேன். ரியூசன் வாத்தியார் ஒருவரைக் கொண்டு ஆங்கிலத்தில் மாற்றி வழக்கறிஞருக்கு அனுப்பினேன். எழுதியவரின் கல்வித் தகைமை என்ன, பதிவுசெய்த நிறுவனம் எது என்று கேட்டார்கள். தகைமை எட்டாம் வகுப்பு. நிறுவனம் என்று சொல்ல ஒரு மோட்டார் சைக்கிளும் திருப்புளிப் பெட்டியும். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒன்றும் கேட்கவில்லை.

அன்றே கடையை விட்டுப் போய்விட்டேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். போகவில்லை. வாழ்க்கை முழுக்க ஊர் ஊராக வெளிக்கிட்டவன், வெளிக்கிட வேண்டிய இடத்தில் வெளிக்கிடவில்லை. வயது போயிருந்தது, வேறு வேலையும் இல்லை. தவம் அண்ணையைக் கெட்டவர் என்று எழுதவும் எனக்கு மனமில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை. அப்படி வந்து கேட்பவர்கள் இருந்தார்கள். அந்த விஷயத்தை நாங்கள் பிறகு கதைக்கவே இல்லை. ஆனால் அவர் பாட்டு ஏற்றிக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். "ஏன் அண்ணை இப்ப பாட்டு இல்லை?" என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். "இடம் காணாது" என்பார். சனம் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்துக் கடைக்குப் போனது. பிறகு கடையை விற்றுவிட்டு மகளிடம் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். முறையாக, விசாவோடு.

அன்ரனின் மேல்முறையீடும் தள்ளுபடியாகி அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. போய் என்ன சொல்வது?

கிட்டத்துப் பார்வை மங்கி வேலையை விட்ட பிறகு, ஒருநாள் மீன் வாங்கக் குருநகர் இறங்குதுறைக்குப் போனேன். வள்ளங்கள் வந்திருந்தன. மத்தியான வெயில் தலையைப் பிளந்தது. வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சாரத்தை மடித்துக் கட்டி, வெறும் மேலோடு நின்றார்கள். ஒருவன் மட்டும் நீளக் கைச்சட்டை போட்டு, கழுத்துப் பொத்தானையும் பூட்டியிருந்தான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றான். காதையும் பிடரியையும் பார்த்தவுடன் யார் என்று தெரிந்தது.

"டேய் வெளிநாட்டான், சட்டையைக் கழட்டடா! கறுத்துப் போடுவாய் எண்டு பயமோ?" என்றான் வலையின் மறுபக்கம் நின்றவன்.

"ஓமடா. அம்மா பொம்பிளை பாக்கிறா. வெள்ளையா இருந்தால்தான் தருவினமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் ஒரு கையால் அதைப் பின்னால் இழுத்து விட்டுக்கொண்டு, திரும்ப வலையைப் பிடித்தான்.

நான் மீன் வாங்காமல் வந்துவிட்டேன்.